மருந்திடாத கன்று

"மருந்து ஜெயிச்சிடுச்சு, கன்னியம்மா!"

கால்நடை மருத்துவர் அப்துல் கையூம் முகமலர்ச்சியோடு வந்தார். அச்சரப்பாக்கத்தை அடுத்த அவ்வூரில், நுரையீரல் காய்ச்சலுக்கான புதிய மருந்தை ஊசியின்றி மூக்கில் சொட்டாக விட்டுச் சோதித்திருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிக் கன்றுகளுக்கு மருந்திடவில்லை. கன்னியம்மாவின் கன்றும் அவற்றுள் ஒன்று.

"போட்ட கன்னு ஒண்ணுகூட சாவல."

"போடாதது, சார்?"

"செலது போயிடுச்சாம். அத வெச்சுத்தான் மருந்தோட அருமையே தெரிஞ்சுது. இனிமே எல்லாத்துக்கும் போடலாம். உன் கன்னு எங்க?"

கன்னியம்மா தொழுவத்தைக் கை காட்டினாள்.

"உள்ளதான் கீது. அவங்கம்மா நக்கிகினு கீறா, போய்ப் பாருங்க."

தொழுவம் இருண்டிருந்தது. பசு கன்றின் முதுகை நாவால் நீவியபடி நின்றது. அதன் மடியில் பால் கசிந்தது. மருத்துவர் மண்டியிட்டுக் கன்றின் மோவாயைப் பற்றினார்.

"பரவாயில்லியே, தலையக்கூட ஆட்டல!"

விரலில் மூச்சுப் படவில்லை. தோலுக்கடியில் ஏதோ சரசரத்தது. வைக்கோல்.

தாய் பால் சுரக்கட்டும் என்று, இறந்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து நிறுத்தியிருந்தார்கள்.

"எப்போம்மா?"

"மார்கழில. இருமி இருமியே போச்சு, சார்."

அவர் எழப் போனார். கன்னியம்மா வழிமறித்து நின்றாள்.

"போடுங்க, சார். ஊருல அல்லாத்துக்கும் போடப் போறீங்க. பெத்தவ பாத்துகினு கீறா."

அவர் சீசாவைத் திறந்து, கன்றின் இரு நாசியிலும் மருந்தை விட்டார்.

வழிந்த ஈரத்தைப் பசு பரிவோடு நக்கித் துடைத்தது.