முதுநிலை

மருந்தளவைக் கணக்கிடும் மென்பொருள் தசமப் புள்ளியை இடம் மாற்றியதால், முந்தைய நாள் மருத்துவமனையில் ஒரு குழந்தை இறந்திருந்தது. பிழையான அந்த நிரல் வரியைச் சென்ற வாரம் எழுதியவள் இளநிலைப் பொறியாளர் நப்பின்னை. அதைத் திறந்தும் பாராமல், வழக்கம்போல் திரையில் கட்டைவிரல் உயர்த்திய குறியிட்டு ஒப்புதல் தந்தவர் முதுநிலைப் பொறியாளர் சேந்தன்.

மேலாளர் தம் அறையின் கண்ணாடிச் சுவரில் இருவர் பொறுப்புகளையும் பிரித்து எழுதினார். எழுதுவது இளநிலை, ஒப்புதல் தருவதும் விளைவுக்கு விடை சொல்வதும் முதுநிலை.

"அப்போ நான்தான் போகணுமா சார்?" என்று கேட்டார் சேந்தன்.

மேலாளர் சற்று எண்ணினார். பின், முதுநிலையார் எழுதியதற்கு வேறொருவர் ஒப்புதல் வேண்டா என்று ஒரு வரி சேர்த்தார். "வாழ்த்துகள்மா நப்பின்னை. போன மாசத்துலேருந்தே நீ சீனியர்."

"நான் சேர்ந்தே எட்டு மாசந்தான் சார் ஆகுது."

"அதுக்குள்ளயேன்னா திறமைதானே?"

முதலில் கைதட்டியவர் சேந்தன். கண்ணாடிக்கு அப்பால், ஒன்றும் அறியாத மற்றவர்களும் எழுந்து கைதட்டினர். சந்நிதியில் நிற்பவளைப்போல் அவள் கைகள் தாமே குவிந்தன.

மேலாளர் கதவைத் திறந்து பிடித்தார். "கீழ போலீஸ் வந்திருக்காங்க. சீனியரைக் கேக்குறாங்க."