நாளை ஐம்பது கிராம்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டின் மனைவி காலை ஆறு மணிக்கு எழுந்தாள். கொல்லையில் நின்ற மாட்டுக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் காட்டினாள். ஏழு மாதச் சினை. கழுத்தைத் தடவி நலம் விசாரித்தாள். பிறகு கணவருக்குக் கஞ்சி காய்ச்சினாள். டப்பாவிலிருந்து பழுப்பு நிறப் பொடியை எடுத்து, சின்னத் தராசில் எடைபோட்டு, கஞ்சியில் கலக்கினாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்தாள். நோட்டில் ஏதோ எழுதினாள்.

இருபது நாளாக இதே கதைதான்.

கஞ்சி கசந்தது. குறை சொன்னால் நாமே சமைக்க வேண்டிவரும் என்று ஏஜென்ட் பேசாமல் விழுங்கிவந்தார். இன்றுதான் கேட்டார்.

"என்ன பொடி இது?"

"உடம்புக்கு நல்லதுங்க. வயித்தை ஏதாவது பண்ணுதா?"

"இல்லையே."

"தலை சுத்துறது, வாந்தி வர்ற மாதிரி... எதுவுமே இல்லையா?"

"இல்லைன்னுதானே சொல்றேன். ஏன், வரணுமா?"

அவள் நோட்டை இழுத்து எழுதினாள்.

அவள் குளிக்கப் போனதும் நோட்டைப் புரட்டினார்.

'பத்து கிராம். ஒன்றும் ஆகவில்லை. இருபது கிராம். ஒன்றும் ஆகவில்லை. முப்பது கிராம். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. நாளை ஐம்பது.'

ஏஜென்ட் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். போன மாதம் ஆள் யாரும் சிக்காமல், டார்கெட்டுக்காகத் தன் பெயரிலேயே பெரிய பாலிசி ஒன்று போட்டிருந்தார். வாரிசு, மனைவி. அவர் போய்விட்டால் அவளுக்கு என்னென்ன கிடைக்கும் என்று அரை மணி நேரம் உட்காரவைத்து விளக்கியதும் அவரேதான். நன்றாகப் புரிந்தது என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

இரண்டு ஸ்பூன் பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார். மாலையில் ரிப்போர்ட் வந்தது.

"என்ன விஷம் சார்?"

"விஷமா?" என்றார் ஆய்வாளர். "சாத்துக்குடித் தோல், வாழைப்பழத் தோல், மாதுளைத் தோல். நாமெல்லாம் குப்பையில போடுறதுதான். ஆனா நார்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் இருக்கு. பூஞ்சை பிடிக்காம காயவச்சு அரைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. யார் செஞ்சது?"

"வீட்லதான்."

"குடுத்து வச்சவர் சார் நீங்க."

ஏஜென்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வழியில் இரண்டு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டார். தோலுக்கும் ஆகுமே.

மனைவி கொல்லையில் இருந்தாள். அவளைச் சந்தேகப்பட்டது, நோட்டைப் படித்தது, ரிப்போர்ட் வாங்கியது எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கே."

அவள் கோபப்படவில்லை. ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். இரண்டு முறை படித்தாள்.

"விஷம் இல்லைன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்களா?"

"கையெழுத்து போட்டு."

"அப்போ நாளையிலேர்ந்து உங்களுக்குக் கஞ்சி வேண்டாங்க."

டப்பாவைத் திறந்தாள். கை நிறையப் பொடியை அள்ளி, தொட்டியில் இருந்த தவிட்டில் போட்டுப் பிசைந்தாள். மாடு முகத்தை உள்ளே விட்டது.

ஏஜென்ட் சாத்துக்குடிப் பையோடு அப்படியே நின்றார்.

"அப்போ இருபது நாளா நான்...?"

"சினை மாடுங்க. எடுத்த எடுப்பிலேயே அதுக்குக் குடுத்துப் பாக்க முடியுமா?"