எதிராளிக்கு வக்கீல்

விண்ணுக்குப் போகப்போகும் தொலைநோக்கியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கருவிக்கான இடம். போட்டியில் இருந்தவை இரண்டு. ஒன்று அண்ணி உருவாக்கியது, இன்னொன்று நாத்தனார் உருவாக்கியது.

வீட்டில் கேட்கவே வேண்டாம். நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணியின் கணவர், ஒரு மாதமாக வானத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாக்கெடுப்புக்கு முன் அவரவர் எதிராளியின் கருவிக்காகப் பேச வேண்டும். சண்டையைக் குறைக்க யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு.

நாத்தனார் முதலில் பேசினாள். விண்மீன் கூட்டங்களுக்கு நடுவே பரவிக் கிடக்கும் வாயுவைப் புற ஊதாக் கதிரில் பார்க்க அண்ணியின் கருவியை விட்டால் வேறு கதியில்லை என்று முறையாகவே சொன்னாள்.

ஒப்புக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் அண்ணி எழுந்தாள். இந்தத் தொலைநோக்கி மேலே போவதற்குள் அவள் ஓய்வு பெற்றுவிடுவாள். இதை விட்டால் அவள் கருவிக்கு இன்னொரு தொலைநோக்கி கிடையாது.

"கண்ணு கூசுற வெயில்ல நெத்தியில கைவெச்சுப் பாப்போம்ல, அதேதான் இவ கருவியும். நட்சத்திரத்தை மறைச்சுட்டா பக்கத்துல இருக்கிற கோள் தெரியும். அங்க தண்ணி இருக்கா, காத்து இருக்கா, நம்மள மாதிரி யாராச்சும்..."

முடிக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாவி, எதிராளிக்காக இப்படியா உருகுவாய் என்று அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

மேசைக்கடியில், யாருக்கும் தெரியாதபடி, கருவிக்கு ஒன்றாக ஆளுக்கு இரண்டு பொத்தான்கள். இவர்கள் இருவரையும் சேர்த்து ஒன்பது பேரும் அழுத்தினார்கள்.

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நாத்தனாரின் கருவி வென்றது.

கைகுலுக்கல்கள் ஓய்ந்ததும் அவள் அண்ணியை ஜன்னலோரம் இழுத்துப் போனாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணி, சத்தியமா நான் உங்களுக்குத்தான் அழுத்தினேன். நீங்க எனக்கு விட்டுக்கொடுத்துடலையே? பிச்சையா வந்த வெற்றி எனக்கு வேணாம்."

"நல்லா இருக்கே கதை! நான் எனக்குத்தான்டி அழுத்தினேன். உன்னை ஜெயிக்க வெச்சது மத்தவங்க."

நாத்தனாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் செய்யப் போனாள்.

அண்ணி சொன்னது பொய்தான். ஆனால் அவள் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பேசி உட்கார்ந்தபோது, அந்தக் கோளில் யாராவது இருக்கிறார்களா என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.