காதுகொடுப்போம்

போன் அடித்தபோது பதினான்கு பேரும் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

ஜன்னல் திட்டில் இருக்கும் பழைய பட்டன் போன். எங்கள் குழு நடத்தும் 'காதுகொடுப்போம்' சேவைக்கான போன்.

யாரும் அசையவில்லை. அசையாமல் இருப்பதில் நாங்கள் கில்லாடிகள்.

பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் வாடகை அறை. ஞாயிறு காலை பத்து மணி. எங்களிடம் சாமி கிடையாது, சடங்கு கிடையாது, மறுபிறவி கிடையாது. புத்தரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டோம். வாசலில் செருப்புகள் ஒரே திசையைப் பார்த்து இருக்க வேண்டும். ஆனால் அது சடங்கு அல்ல, விழிப்புணர்வு.

குரு என்றும் யாரும் கிடையாது. ஒருங்கிணைப்பாளர்தான். அவர் இருமினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம், அவ்வளவுதான்.

சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டால் போதுமா, ஊருக்கு என்ன செய்தோம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ கேட்டுத் தொலைத்தார். அதில் பிறந்ததுதான் இந்தச் சேவை. பன்னிரண்டு வாரம் பயிற்சி, முடிவில் சான்றிதழ். பேருந்து நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நோட்டீஸ் ஒட்டினோம். 'மனசு சரியில்லையா? எந்நேரமும் அழையுங்கள். கேட்க ஒருவர் இருக்கிறார்.'

இதுவரை வந்த அழைப்புகளில் பாதி, கீழே பல் பிடுங்க நேரம் கேட்டு வந்தவை. அவர்களிடமும் கருணையாகத்தான் பேசினோம்.

இந்த வாரம் மருந்துக்கடைக்காரர் முறை. போனுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அவர் கையை ஊன்றி எழப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எழுந்திருக்க வேண்டாம்," என்றார் ஒருங்கிணைப்பாளர், தேனொழுக. "எழுந்திருக்கணும்னு உள்ள ஒரு துடிப்பு வருது பாருங்க, அதை மட்டும் கவனிங்க. இது வெறும் ஒலி."

அவர் கவனித்தார். துடிப்பு அடங்கிவிட்டது. ஒலிதான் அடங்கவில்லை.

மூன்றாவது தடவை. நான்காவது தடவை. அந்தப் பக்கம் இருப்பது விடாக்கண்டன் போலிருக்கிறது. கொஞ்சமாவது விவஸ்தை வேண்டாமா? மனசு உடைவதற்கு வாரத்தில் எத்தனையோ மணி நேரம் இருக்க, நாங்கள் கருணையை வளர்த்துக்கொண்டிருக்கும் இந்த நாற்பது நிமிடம்தானா கிடைத்தது?

ஐந்தாவது தடவை, கட்டட வரைபடம் போடும் அம்மா பெருமூச்சு விட்டார். ஆறாவது பாதியிலேயே நின்றுபோயிற்று.

ஒருங்கிணைப்பாளர் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினார். கண் திறந்தோம். அடுத்து, பகிர்தல்.

பகிர்தலுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் பேசினால் மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கவே கூடாது. நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட வேண்டும்.

அருமையான விதி. போன வாரம் என் முறை வந்தபோது, மனைவி இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது என்றேன். பதிமூன்று கைகள் நெஞ்சுக்குப் போயின. நன்றி என்றார்கள். அடுத்தவர், தன் மாடியில் தக்காளி காய்க்காததைப் பற்றிப் பேசினார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். சாவி எடுத்தீங்களா, மாத்திரை போட்டீங்களா, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்று முப்பது வருடம் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'உம்' என்று பதில் சொன்னவன் நான். இப்போது யாராவது ஒரு கேள்வி கேட்டால் தேவலை என்றிருக்கிறது.

இந்த வாரப் பகிர்தலைக் கட்டட அம்மா தொடங்கினார். அந்த மணியோசை முதலில் எரிச்சலாக இருந்ததாம். போகப்போக நிலையாமையைப் புரியவைத்ததாம். நன்றி என்றோம்.

மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். தன் முறை வந்ததும் போனை எடுத்துப் பார்த்தார்.

"ஆறு தடவையும் ஒரே நம்பருங்க," என்று சொல்லிவிட்டு, திருப்பி அழைத்தார்.

மணி அடித்தது. அறைக்குள்ளேயே. என் மடியில், சால்வைக்கு அடியில்.

ஆறு தடவையும் அங்கேதான், கண்ணை மூடியபடி, விரலால் தடவித் தடவி அழுத்தினேன். நேரில் கேட்கக் கூடாததை இவர்கள் போனில் கேட்கலாம். எடுத்ததும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் பயிற்சியின் முதல் பாடம்.

என்னை யாரும் கூப்பிடுவதில்லை என்பதால் சத்தத்தைக் குறைத்துவைக்கத் தோன்றவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், அப்பாடா என்றிருந்தது. இனி யாராவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

மருந்துக்கடைக்காரர் போனைக் காதில் வைத்தபடியே என்னை முறைத்தார்.

"சார், உங்க போனைக் கொஞ்சம் அணைங்களேன். இங்க ஒருத்தர் என்ன கஷ்டத்துல இருக்காரோ, ரிங் போயிட்டிருக்கு."

அணைத்தேன்.

அவர் காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு சேவைக்கான நோட்டைத் திறந்து, தேதி போட்டு, நிதானமாக எழுதினார்: 'அழைத்தவர் பேச விரும்பவில்லை.'