பேஸ்பால்காரரின் விரல்

“பேஸ்பால்காரனை அம்பயராப் போட்டா இப்படித்தான்டா ஆகும்.” அவுட்டாகி வந்த சேஷாத்ரி விட்டெறிந்த மட்டை எர்லாங்கன் ஊரையே தாண்டிப் போய் விழாதது பெரிய அதிசயம்.

எழுபத்திரண்டில் அந்த ஜெர்மன் ஊரில் தமிழர்களுக்கு இரண்டு கிரிக்கெட் அணி. சேஷாத்ரியின் கம்பெனி எஞ்சினியர்கள் ஒன்று, உமாபதியின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்று. புல்வெளியோ ஒன்றுதான். தோற்றவர்கள் இனி அதில் கால் வைக்கக் கூடாது என்று பந்தயம்.

ஒருவரை ஒருவர் நம்பாததால் பொதுவாக அழைத்து வந்தவர் கிரைம்ஸ். அமெரிக்காவில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடி, முழங்கால் போனதும் அம்பயராகி, இங்கே அமெரிக்கப் படை முகாமுக்கு வந்து சேர்ந்த கிழவர். கிரிக்கெட் சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டேன் என்றார். பேஸ்பால் பழக்கதோஷத்தில் காலையில் விக்கெட் கீப்பர் முதுகுக்குப் பின்னால் போய்க் குந்தியவரை யார் நம்புவது?

உமாபதி ஆட்கள் “ஹவ்ஸாட்” என்று அவுட் கேட்டு ஆகாயம் கிழியக் கத்தினால் போதும், கிரைம்ஸின் விரல் மேலே போய்விடும். எஞ்சினியர்கள் கொதித்தார்கள்.

பந்து வீசும் முறை வந்ததும் சேஷாத்ரி உத்தரவு போட்டான். “கத்துறவன் பக்கம்தான் நியாயமா? நம்மாளு ஒருத்தனும் இவன்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது. கண்ணு இருக்குல்ல, அவனே பாத்துச் சொல்லட்டும்.”

எஞ்சினியர்களின் பந்துவீச்சாளன் பாஸ்கரன் வீசிய வேகத்தில் ஸ்டம்புகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஒன்பது பேர் அம்பயர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாமாகவே நடையைக் கட்டினார்கள். மிச்சம் ஒரே விக்கெட், உமாபதிக்குத் தேவை இரண்டே ரன்.

அடுத்த பந்து உமாபதியின் மட்டையில் உரசியது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து ஊர் நியூரம்பெர்கில் நாய்கள் குரைத்திருக்கும். கீப்பர் அழகாகப் பிடித்தான்.

எஞ்சினியர்கள் அத்தனை பேரும் கைகட்டி, உதட்டை இறுக்கிக்கொண்டு கிரைம்ஸை முறைத்தார்கள். கிரைம்ஸ் சேஷாத்ரியின் வாயையே பார்த்தபடி நின்றார். விரல் எழவில்லை.

மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிய உமாபதி, நைசாகத் திரும்பி வந்து நின்றான். அடுத்த பந்தை நாலுக்கு விரட்டினான். ஆட்டமும் போயிற்று, புல்வெளியும் போயிற்று.

சேஷாத்ரி பாய்ந்து போய்க் கிரைம்ஸின் சட்டையைப் பிடித்தான். கண் குருடா, காது செவிடா, கிரிக்கெட்டில் அரிச்சுவடியாவது தெரியுமா என்று குதித்தான்.

கிரைம்ஸ் சூயிங்கத்தை நிதானமாக மென்றார்.

“சுத்தமான அவுட்டுதான். ஆனா யாரும் கேக்காம விரலைத் தூக்கச் சட்டத்துல இடமில்ல. நீங்க யாருமே அப்பீல் பண்ணலையே, தம்பி.”