மாசாணம் மட்டும் பார்த்த மண்

கிட்ட வாங்க கண்ணுகளா, போனுக்குள்ளே இருக்கிற ஒரு கோட்டையின் கதை சொல்கிறேன். வீடியோ கேம் கோட்டை அது. தெற்கு வாசல் காவலன் மாசாணம், வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு திருடி பதுங்கியிருப்பதைப் பார்த்துவிட்டான். அவள் உதட்டில் விரல் வைத்தாள். பாவம், ஆட்டத்துக்கு ஆட்டம் சாகிறாளே, ஒரு தடவையாவது பிழைத்துப் போகட்டும் என்று அவன் வாயே திறக்கவில்லை. ஆனாலும் மற்ற மூன்று வாசல் காவலர்களும் நேராக அங்கேயே ஓடிவந்து அவளை வெட்டிப் போட்டார்கள்.

“எவன்டா சொன்னது?” என்று மாசாணம் வடக்கு வாசல் காவலன் பிச்சாண்டியைப் பிடித்து உலுக்கினான்.

“யாரும் சொல்லலைண்ணே. நீங்க பார்த்தீங்க, எங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அவ இடது முழங்கால்ல மண்ணு ஒட்டியிருந்துச்சே.”

அந்த மண்ணை மாசாணம் மட்டும்தான் பார்த்திருந்தான்.

அடுத்த ஆட்டத்தில் அவள் மறுபடி உயிரோடு வந்தாள். காலடிச் சத்தம் கேட்டதுமே மாசாணம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

வடக்கு வாசலிலிருந்து பிச்சாண்டியின் குரல் வந்தது: “அண்ணே, கண்ணை ஏன் மூடிக்கிட்டீங்க? யாரு வர்றது?”

உங்க வீட்டில் ஒருத்தர் மனசில் வைத்தது, அவராகச் சொல்லும்வரை அவருடையதாகவே இருக்கட்டும். நல்லா இருங்க.