விலகிப் பார்த்தால்

சற்குணத்தின் விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்து, பார்வையின் நடுப்பகுதியை அழித்துவிட்டன. "குழாய் வளரவிடாம தடுக்குற புரதத்தை உங்க கண்ணே சுரந்துக்கிட்டு இருந்துச்சு. வயசானதுல அது குறைஞ்சுபோச்சு" என்றார் மருத்துவர். கண்ணுக்குள் ஊசி போட்டும் போனது திரும்பவில்லை. யாரையாவது நேராகப் பார்த்தால் முகம் இருக்குமிடத்தில் ஒரு சாம்பல் கறைதான் இருக்கும். சற்று விலகிப் பார்த்தால் ஓரத்தில் முகம் மங்கலாகத் தெரியும்.

வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் பொற்செல்வி, ஒன்பது வருடங்கள் கழித்து வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் கண்ணைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சற்குணம் கதவுக்குப் பக்கத்திலிருந்த ஜன்னலைப் பார்த்தார். மகளின் முகம் தெரிந்தது. இளைத்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது.

"இன்னும் என் முகத்தைப் பாக்க மாட்டீங்களாப்பா?"

"உன்னைத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் நம்பவில்லை. அழுதுகொண்டே உள்ளே வந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். முகம் மறைந்துபோனது. சற்குணம் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா."